மதுரையில் அப்பா கட்டிய வீட்டை விற்கிறோம்: பெயின்ட் அடித்து விற்பதா, அப்படியே விற்பதா?

தெற்குவாசல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை வில்லாபுரம் பக்கம் எங்களுக்கு 3 சென்டில் ஒரு வீடு இருக்கிறது. மனையை அப்பா 1989இல் வாங்கினார், 1991இல் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தில் கடன் வாங்கிக் கீழ்வீட்டைக் கட்டினார், மாடி 2004இல் எழுப்பியது. அப்பா 2016இல் தவறிவிட்டார், உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா என்னோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். தங்கை திண்டுக்கல்லில், தம்பி துபாயில். கீழ்வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, மாடியை ஒரு குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் ஒத்திக்கு (மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்) விட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை நான் பஸ் ஏறி வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவதுதான் மிச்சம், ஆகையால் விற்றுவிடலாம் என்று மூவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

இப்போது கேள்வி. புரோக்கர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 60 லட்சம் வரை போகும், ஆனால் இப்படியே காட்டினால் 55க்குத்தான் கேட்பார்கள், உள்ளேயும் வெளியேயும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து, கீழ்வீட்டு பாத்ரூமை இடித்துப் புது டைல்ஸ் போட்டுவிடுங்கள் என்கிறார். பெயின்டர் 1,80,000 சொல்கிறார், பாத்ரூமுக்குத் தனியாக 90,000. பெயின்டருக்கு 5,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். போட்ட பணம் திரும்ப வருமா? விற்பதற்கு முன்னால் வேறு என்ன செய்து வைக்க வேண்டும்? வீடு விற்ற அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்திரப்புலி:

தம்பி, பெயின்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நான் பத்திர எழுத்தரிடம் இருபது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தவன். சுவர் அழுக்காக இருந்ததால் நின்றுபோன கிரயத்தை நான் பார்த்ததே இல்லை. காகிதம் சரியில்லாமல் நின்றுபோனவை ஏராளம். அதுவும் எப்போது நிற்கும் தெரியுமா, அட்வான்ஸ் வாங்கி, அதை எடுத்து எதற்கோ செலவழித்த பிறகு, வாங்குகிறவருக்கு வீட்டுக்கடன் தருகிற வங்கியின் வக்கீல் ஒரு பக்கத்துக்குக் கேள்வி எழுதி அனுப்புவார் பாருங்கள், அப்போது.

உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு மூன்று கேள்விகள் வந்தன.

முதலாவது, சங்கத்துக் கடன். அந்தக் காலத்தில் சங்கத்தில் கடன் வாங்கினால் அடமானப் பத்திரத்தைப் பதிவு செய்துதான் கொடுப்பார்கள். கடனைக் கட்டி முடித்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கியிருப்பீர்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். கடன் தீர்ந்தது என்று சங்கம் எழுதித் தரும் ரசீதுப் பத்திரம் பதிவு ஆகவில்லை என்றால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் இன்றைக்கும் உயிரோடு நிற்கும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம், 1985இலிருந்து போட்டுப் பாருங்கள். கதவு எண்ணைப் போடாதீர்கள், சர்வே எண்ணை உட்பிரிவோடு போடுங்கள்.

இரண்டாவது, பட்டா யார் பெயரில், எவ்வளவு பரப்புக்கு இருக்கிறது? 3 சென்ட் என்றால் 1,306 சதுர அடி சொச்சம், பட்டாவில் 1.21 ஏர் என்று வர வேண்டும். 1.18 என்றோ 1.15 என்றோ இருந்தால் வாங்குகிறவர் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு லட்சம் இரண்டு லட்சம் குறைப்பார். சர்வேயரை வைத்து இப்போதே அளந்துவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பும்போது முக்கால் அடி உள்ளே வந்திருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். அப்பா இறந்த அன்று அவருடைய அம்மா, அதாவது உங்கள் அப்பத்தா, உயிரோடு இருந்தாரா?

தெற்குவாசல்காரன்:

அண்ணே, அப்பத்தா இருந்தது. 2019இல்தான் தவறியது. தாத்தா 1998லேயே போய்விட்டார். ஏன் கேட்கிறீர்கள்? வீடு அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், பூர்வீகம் இல்லை.

பத்திரப்புலி:

சொந்தச் சம்பாத்தியம் என்பதால்தான் கேட்கிறேன். உயில் எழுதாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், பெற்ற தாய் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இலிருந்தே அப்படித்தான். தாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள் மூவர், அப்பத்தா, ஆக ஐந்து பேருக்கும் ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டது. அப்பத்தா இறந்ததும் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது. உங்கள் அப்பா முன்பே இறந்துவிட்டதால் அவர் இடத்தில் நீங்கள் மூவர் வருவீர்கள். மருமகளான உங்கள் அம்மாவுக்கு இதில் பங்கு இல்லை. உங்களுக்குச் சித்தப்பா, அத்தை உண்டா?

தெற்குவாசல்காரன்:

ஒரு சித்தப்பா, ஒரு அத்தை. பென்ஷனுக்காக 2016இல் தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஐந்து பெயர் இருக்கிறது. கடைசியில் அப்பத்தா பெயர். ஒன்பது வருடமாகப் பீரோவில் இருக்கிற காகிதம், ஒருநாள்கூட முழுசாகப் படிக்கவில்லை.

சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை இருக்கிறது, அத்தையோடு ஒரு கல்யாணத்தில் வந்த மனஸ்தாபத்தில் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. என்ன செய்வது?

பத்திரப்புலி:

கணக்கை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பேசப் போங்கள். வீட்டை 45 பங்காகப் போட்டால் அம்மாவுக்கு 9, நீங்கள் மூவருக்கும் தலா 10, சித்தப்பாவுக்கு 3, அத்தைக்கு 3. 60 லட்சத்துக்கு விற்றால் அத்தை பங்கு 4 லட்சம், சித்தப்பா பங்கு 4 லட்சம். அவர்கள் கேட்பார்களா, வேண்டாம் என்பார்களா என்பது உங்கள் குடும்ப விஷயம். கையெழுத்து இல்லாமல் நடக்காது என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கென்று தனியாகப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் போட்டுச் செலவு செய்ய வேண்டும் என்பதில்லை, கிரயப் பத்திரத்திலேயே அவர்களையும் எழுதிக்கொடுப்பவர்களாகச் சேர்த்துவிடலாம். ஆனால் கிரயத்தன்று பேரன் காதுகுத்து, முதுகுவலி என்று ஒருவர் வராமல் போனால் எல்லாம் போச்சு. வீட்டைக் காட்ட ஆரம்பிக்கும் முன்பே ஒத்துக்கொண்டார்களா என்று உறுதி செய்யுங்கள். அப்பத்தாவுக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். இ-சேவையில் இன்றைக்கே போடுங்கள், அது வந்து சேரும் நேரத்தில் மற்றதைப் பார்க்கலாம்.

மலைக்கோட்டை மீனா:

காகிதம் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார், நான் பெயின்ட் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

திருச்சியில் மாமனார் வீட்டை விற்றோம். ஹாலில் தெருப்பக்கச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம். எங்களிடமும் புரோக்கர் இதையேதான் சொன்னார், நாங்களும் உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே நல்ல எமல்ஷனே அடித்தோம். ஹாலுக்கு மட்டும் 38,000 ஆனது. அடித்து இருபதாவது நாள் ஒரு குடும்பம் பார்க்க வந்தது. பையனும் மருமகளும் மாடுலர் கிச்சன் எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒவ்வொரு அறையிலும் சுவரோரமாகவே நடந்தார். ஹால் சுவருக்கு வந்ததும் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அப்புறம் விரலை மடக்கித் தட்டினார், ஒரு இடத்தில் டொக் டொக் என்று பொத்தல் சத்தம். நகத்தால் லேசாகக் கீறினார், பெயின்ட் தோலாக உரிந்து வந்தது, உள்ளே பட்டி ஈரமாக மாவு மாதிரி இருந்தது. "ஏம்மா, மூடி வச்சிருக்கீங்க" என்று ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு அவர்கள் எதையுமே நம்பவில்லை, பாத்திரம் தேய்க்கிற இடத்துக் குழாயைக்கூடப் பத்து நிமிடம் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். போனவர்கள் திரும்ப வரவில்லை.

அடுத்து வந்தவர்களிடம் நானே முதலில் சொல்லிவிட்டேன், இந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது, கொத்தனாரிடம் கேட்டேன், சரி செய்ய 45,000 ஆகும் என்றார் என்று. அவர்கள் 50,000 குறைத்துக் கேட்டார்கள், கொடுத்தோம், விஷயம் முடிந்தது.

என்னைக் கேட்டால் தண்ணீர் சம்பந்தப்பட்டதை மட்டும் சரி செய்யுங்கள். மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பதித்து இடுக்கைப் பூசுங்கள், மழைத்தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருந்தால் எடுங்கள், ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள், சம்ப்பைக் கழுவி மோட்டார் ஓடுகிறதா பாருங்கள். மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீடு என்றால் பாத்ரூம் தரைக் குழியில் தண்ணீர் வற்றி நாற்றம் மேலே வரும், வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும், 90,000 ரூபாய்க்கு டைல்ஸ் தேவையில்லை. எரியாத பல்பை மாற்றுங்கள். ஆட்கள் வருவதற்கு முதல்நாளே ஜன்னலையெல்லாம் திறந்து வையுங்கள்.

அப்புறம் பரண். அங்கே இருப்பதையெல்லாம் இறக்குங்கள், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள், ஆனால் டிரங்குப் பெட்டியை மட்டும் நீங்களே திறந்து பாருங்கள். எங்கள் மூலப்பத்திரமே பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில்தான் கிடந்தது.

சென்ட் கணக்கு:

மீனா அக்கா சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1991 கட்டடம். முப்பத்துநாலு வயது வீட்டுக்கு மதுரையில் யாரும் கட்டட விலை போடுவதில்லை, மனை விலையோடு ஏதோ ஒரு தொகையைச் சேர்த்துத் தருவார்கள். வாங்குகிறவர் பாதிப் பேர் இடித்துக் கட்டத்தான் வாங்குகிறார்கள். அவருக்கு ஓதமும் ஒன்றுதான், டைல்ஸும் ஒன்றுதான். தெரு எத்தனை அடி, கார் வருமா, தண்ணீர் எத்தனை அடியில், முகப்பு எத்தனை அடி, எந்தத் திசை, இவ்வளவுதான் கேட்பார். எனவே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள் என்பேன்.

விலைக்கு வருவோம். புரோக்கர் சொன்ன 60ஐ வேதவாக்காக எடுக்காதீர்கள், 55ஐயும் எடுக்காதீர்கள். உங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் கடைசி ஒரு வருடத்தில் எது எவ்வளவுக்குப் போனது என்று டீக்கடையில் விசாரியுங்கள், பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறைத் தளத்தில் பாருங்கள். வாங்குகிறவருக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கைக்காசு போகும். பதிவுக்கட்டணம் 4 சதவீதமாக இருந்து 2023 ஏப்ரலில்தான் 2 ஆனது, வழிகாட்டி மதிப்பை அதே கையோடு ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை. 60 லட்சம் என்றால் அவருக்கு அது 65 லட்சத்து 40 ஆயிரம். பேரம் பேசும்போது அவர் மனதில் ஓடுவது அந்தத் தொகைதான்.

மலைக்கோட்டை மீனா:

இடித்துக் கட்டுகிறவர் வந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாடியோடு இருக்கிற வீட்டைக் குடியிருக்கவும், மேலே வாடகைக்கு விடவும் வாங்குகிறவர் வந்தால்? அவருக்கு மழையில் ஒழுகாத வீடு வேண்டும். இரண்டு பேரும் வரலாம் என்பதால்தான் தண்ணீர் வேலையோடு நிறுத்தச் சொன்னேன். அது 25,000க்கு மேல் போகாது.

ஆடிட்டர் ஆபீஸ் ஜன்னல்:

ஒருவரும் தொடாத விஷயத்துக்கு வருகிறேன், துபாய் தம்பி.

தொகை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குகிறவர் உங்களுக்குத் தரும் தொகையிலேயே 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது வரிப் பிடித்தம், என்று பிடித்துக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் எங்கள் பங்கு தலைக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம்தானே, எங்களுக்கு ஏன் என்று வாதாடுவார்கள். 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பேச்சுக்கே இடமில்லை, எல்லோர் பங்கையும் கூட்டித்தான் 50 லட்சம் பார்க்க வேண்டும். இது உள்ளூர்க்காரர்களுக்கு. தம்பி என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்) என்றால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதமும் கிடையாது, 50 லட்ச வரம்பும் கிடையாது, நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான (நெடுநாள் வைத்திருந்து விற்ற லாபத்துக்கான) 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். லாபத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் தம்பி வருமான வரித்துறையில் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்று வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பயந்துபோன வாங்குகிறவர் அவர் பங்குத் தொகை முழுவதற்கும் பிடித்துவிடுவார், அதைத் திரும்ப வாங்கக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தம்பி என்ஆர்ஐ என்பதை முதல் நாளே வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் சண்டைதான்.

தம்பி நேரில் வர முடியாவிட்டால் தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இங்கே ஒருவருக்குப் பவர் கொடுப்பார். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், இந்தியாவுக்கு வந்து சேர்ந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிச் சரி செய்ய வேண்டும். பவரை வைத்துப் பதியும்போது கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஒரு சான்று கேட்பார்கள், அதை ரொம்ப முன்னாடியே வாங்கி வைக்காதீர்கள், பழையது என்று திருப்பிவிடுவார்கள்.

அடுத்து வரி. வாரிசாக வந்த சொத்துக்கு அப்பா வாங்கிய தேதியும் விலையும்தான் கணக்கு. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்பதால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. மாடி 2004இல் கட்டியதால் அதன் செலவைத் தனியாகச் சேர்க்கலாம், ரசீது இருந்தால் தேடி எடுங்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவர் இரண்டு வழியில் வரியைப் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம்: பணவீக்கக் குறியீட்டால் அடக்க விலையை ஏற்றாமல் 12.5 சதவீதம், அல்லது குறியீட்டோடு 20 சதவீதம். ஒரு உதாரணம், 2001 மதிப்பு 4 லட்சம் என்று வையுங்கள், மாடியை விட்டுவிடுவோம். 60 லட்சத்துக்கு விற்றால் முதல் வழியில் லாபம் 56 லட்சம், வரி 7 லட்சம். 2025-26க்குக் குறியீடு 376, எனவே இரண்டாவது வழியில் அடக்க விலை 15,04,000 ஆகிறது, லாபம் 44,96,000, வரி கிட்டத்தட்ட 9 லட்சம். ஆக முதல் வழிதான் லாபம். எல்லோரும் இந்தக் குறியீட்டுக் கணக்கு (இண்டெக்சேஷன்) போச்சே என்று அழுகிறார்கள், பழைய வீட்டுக்கு அது போனதே நல்லது என்று பல கணக்கில் பார்த்துவிட்டேன். தம்பிக்கு இந்தத் தேர்வு கிடையாது, 12.5 மட்டும்தான்.

இந்த வரியை ஒருவரே கட்டப் போவதில்லை, அவரவர் பங்குக்கு அவரவர். அம்மா அந்தப் பணத்தில் இன்னொரு வீடு வாங்கினால் இரண்டு வருடத்துக்குள், கட்டினால் மூன்று வருடத்துக்குள் என்று விலக்கு உண்டு. வீடு வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் மூலதன ஆதாயப் பத்திரங்களில் போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. அத்தை சித்தப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், 4 லட்சம் கைக்கு வந்த பிறகு வரி நோட்டீஸ் வந்தால் திட்டு உங்களுக்குத்தான் விழும்.

கடைசியாக ஒன்று, டோக்கன் அட்வான்ஸ் என்று லட்சம் ரூபாயை மஞ்சள் பையில் கொண்டுவருவார்கள். வீடு நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். காசோலை, இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு.

ஒத்திவீட்டு ரவி:

மாடியில் இருப்பவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் அந்தப் பக்கத்து ஆள், ஒத்திக்கு இருந்தவன். நாங்கள் இருந்த வீட்டை விற்கிறார்கள் என்பதே யாரோ செருப்போடு உள்ளே வந்து அளவெடுத்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். கோபத்தில் நான் அன்று வந்தவரிடம் ஒழுகல், கரண்டு, பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

முதலில் அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். 4 லட்சத்தை எப்போது தருவீர்கள் என்று தேதி சொல்லுங்கள். வாங்குகிறவர் தரும் அட்வான்ஸிலிருந்து திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாங்குகிறவருக்கு மாடி காலியாக வேண்டாம் என்றால் விலையில் 4 லட்சத்தைக் கழித்துக்கொண்டு ஒத்தியை அவர் ஏற்றுக்கொள்வதும் மதுரையில் நடக்கிறதுதான். எப்படி ஆனாலும் பணம் கொடுத்ததும் ஒத்தி எழுதிய ஸ்டாம்ப் பேப்பரை வாங்கி, பணம் பெற்றுக்கொண்டதாகப் பின்னாலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை அவர்களே வீட்டை வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னாலும் சொல்லலாம், கேட்டுப் பாருங்கள்.

பத்திரப்புலி:

ரவி சொன்னது நல்ல யோசனை. ஒப்பந்தம் என்ற பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். அக்ரிமென்டைப் பதிவு செய்தால் அதுவும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வாங்குகிறவர் பணம் புரட்ட முடியாமல் காணாமல் போனால், அவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் அடுத்த ஆள் கிட்டே வரமாட்டார். எனக்குத் தெரிந்து ஒரு வீடு இரண்டு லட்ச ரூபாய் அட்வான்ஸுக்காக நாலு வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தது. எனவே கெடு மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், அட்வான்ஸைப் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், கெடு தாண்டினால் என்ன என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதுங்கள். ஒரிஜினல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், புரோக்கருக்கு ஜெராக்ஸ்கூடப் பார்ட்டி உறுதியான பிறகுதான். வீட்டுவரி, குடிநீர் வரி ரசீது இந்த வருடம் வரை கட்டி வையுங்கள். 2004 மாடிக்கு பிளான் அனுமதி வாங்கினீர்களா என்று பாருங்கள், இல்லை என்றால் வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம், அப்போது வாங்குகிறவருக்குக் கடன் குறையும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்கக்கூட வரமாட்டார்கள், அந்த மாதங்களைச் சான்றிதழ் வாங்க வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வில்லங்கச் சான்று பார்த்தேன். 1991 அடமானம் அப்படியே நிற்கிறது, அண்ணன் சொன்ன மாதிரியே. கடைசித் தவணை 2003இல் கட்டியிருக்கிறோம், கீழ்வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டியில் சங்கத்துப் பாஸ்புக்கும் நிலுவை இல்லை என்ற கடிதமும் கிடைத்தது. கரையான் ஓரத்தை அரித்திருக்கிறது, முத்திரை தெளிவாக இருக்கிறது. சங்கத்தில் போய்க் காட்டினேன். ரசீது பதிந்து தருகிறோம், பழைய லெட்ஜரைத் தேட இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

பட்டா அப்பா பெயரில், 1.21 ஏர். அதில் மட்டும் பிரச்சினை இல்லை.

மாடிக்காரரிடம் பேசினேன். அவர் வாங்குகிற நிலையில் இல்லை, ஆனால் அவருடைய மைத்துனர் இதே ஏரியாவில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்த இடத்தை நானே காட்டினேன். விலை இன்னும் பேசவில்லை.

அத்தை வீட்டுக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். காபி கொடுத்துவிட்டு, "கையெழுத்து வேணும்னு தெரிஞ்சப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை. 45 பங்குக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், மறைக்காமல் 4 லட்சம் என்றே சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, கையெழுத்துப் போடுகிறேன், பங்கும் வேண்டும், எங்கம்மா கொடுத்தது என்றது. சித்தப்பா எனக்கு வேண்டாம்பா என்றார், அவர் மகன் ஏன் வேண்டாம் என்றான். இரண்டு பேருக்கும் கொடுத்துவிடுவது என்று நாங்கள் மூவரும் போனில் பேசி முடித்துவிட்டோம்.

பெயின்ட் வேலையை நிறுத்தியாயிற்று. ஆனால் பெயின்டர் அந்த 5,000 அட்வான்ஸைத் தர முடியாது என்கிறார், வேண்டுமானால் மாடியில் தட்டோடு பதித்துக் கழித்துக்கொள்கிறேன் என்கிறார். விடலாமா?

மலைக்கோட்டை மீனா:

5,000 போனால் போகட்டும். பெயின்டரைத் தட்டோடு பதிக்க விடாதீர்கள்.